தோர்மெஸ் நதிக்கரையில் ஒரு மாணவி

நான் ஸ்பெயின் தேசத்தில் படித்தேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் சிறிது திகைப்புத் தோன்றும். இங்கிலாந்து என்றால் புரியும். அமெரிக்கா என்றால் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். ஜெர்மனியும் இப்பொழுது பழகிவிட்டது. ஸ்பெயின் என்றாலோ காளைச் சண்டை, கொலம்பஸ், கால்பந்து ஆகிய மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. டில்லியில் ஸ்பானிய மொழியில் பட்டம் பெற்றபின் மேற்படிப்பின் பொருட்டு 2017 செப்டம்பர் முதல் 2018 ஜூலை வரை அந்நாட்டின் சலமன்கா நகரில் வசித்தேன். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்று நாளை என்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காட்சி காணப் போகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் உண்டு. நான் எழுதப் போவது வாடகை, வகுப்பு, சமையல், பெயர் முதலிய சில்லறை விஷயங்களைப் பற்றியே. அவற்றுள் பெயர் சில்லறை விஷயம் அன்று என்பது எனக்கு நவம்பர் மாதத்தில் தெரிந்தது.

சலமன்கா, தலைநகரான மாட்ரிடுக்கு மேற்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரப் பிரயாணம். ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவே. நம் டில்லியில் ஒரு பேட்டைக்குக் காணாது. நகரத்தின் பழம்பகுதி முழுவதும் அருகிலுள்ள வில்யமயோர் என்னும் சிற்றூரின் கல்லால் கட்டப்பட்டது. வெட்டி எடுக்கும்போது இக்கல் மெத்தென்று இருக்குமாம்; சிற்பி இழைத்தபடி இழையும். காற்றுப் பட்டுப் பட்டு இறுகி, அதிலுள்ள இரும்புச் சத்தினால் நாளடைவில் பொன்னிறம் கொள்ளும். மாலை வெயிலில் அந்தச் சுவர்களைப் பார்த்தபோது, தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அந்திப் பொழுதில் நிற்கும் நிறம் என் நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு ஒருமுறை பாட்டி வீட்டுக்குப் போய்க் கண்டதுதான்; ஆனாலும் வந்தது.

அங்குள்ள சர்வகலாசாலை 1218ஆம் ஆண்டில் லெயோன் நாட்டு மன்னன் ஒன்பதாம் அல்போன்சோவால் தோற்றுவிக்கப்பட்டது. இன்றும் நடைபெறும் ஸ்பானியப் பல்கலைக்கழகங்களுள் அதுவே மூத்தது. நான் படித்த ஆண்டிலே அதன் எண்ணூறாம் ஆண்டு விழா வந்தது என் அதிர்ஷ்டம். அதன் முகப்புச் சுவரில் எண்ணற்ற சிற்ப வேலைப்பாடுகளுக்கு நடுவே ஒரு மண்டையோட்டின்மேல் சிறிய தவளை ஒன்று அமர்ந்திருக்கிறது. பிறர் காட்டாமல் அதைத் தானே கண்டுபிடிக்கும் மாணவன் பரீட்சையில் தேறுவான் என்பது அவ்வூர் நம்பிக்கை. கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கும் கூட்டத்தை எந்த நாளும் அங்கே காணலாம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் நமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமை கிடையாது.

உள்ளே பதினாறாம் நூற்றாண்டு வகுப்பறை ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். சொரசொரப்பான மர உத்திரங்களே பெஞ்சுகள். அங்கே பாடம் சொன்னவர் லூயிஸ் தெ லெயோன் என்னும் துறவி, பெருங்கவிஞர். விவிலியத்தின் ஒரு பகுதியை மக்கள் மொழியில் பெயர்த்தது முதலிய குற்றங்களுக்காக மத விசாரணை மன்றத்தார் அவரை 1572 முதல் 1576 வரை சிறையில் வைத்தனர். விடுதலையாகித் திரும்பியவர் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் பாடத்தைத் தொடங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அதே நகரத்தில்தான் 1492ஆம் ஆண்டில் நெப்ரிஹா என்பவர் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை அச்சிட்டு வெளியிட்டார். ஐரோப்பாவின் பேச்சு மொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அதுவே என்று எங்கள் ஆசிரியர் பெருமையோடு கூறினார். தொல்காப்பியத்தின் வயதைச் சொல்லலாமா என்று என் நாக்குத் துடித்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரர் பெருமையைக் குறைப்பது அழகன்று என்று இருந்துவிட்டேன்.

நான் குடியிருந்தது பழம்பகுதிக்கு வெளியே, மூன்றாம் மாடியில், விதவையான ஓர் அம்மையார் வீட்டில். அவருக்கு அப்போது வயது 73. பிள்ளைகள் இருவரும் மாட்ரிடிலும் பில்பாவோவிலும் உத்தியோகத்தில் இருந்தமையால் ஓர் அறையை மாணவிகளுக்கு வாடகைக்கு விடுவார். மாதம் 220 யூரோ. முதல் நாள் அவர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டியது ஒரு வட்ட மேசையை. அதற்கு அவர்கள் மொழியிலும் ‘மேஸா’ என்றுதான் பெயர். போர்த்துக்கீசியர் நமக்குத் தந்து, நாம் நம்முடையதாகவே ஆக்கிக்கொண்ட சொல், அவர்களுடைய அண்டை வீட்டில் எனக்கு முதல் வரவேற்புக் கூறியது. பல நூல்களைப் படித்து அம்மொழியில் பட்டம் வாங்கிய எனக்கு இது தெரியாதது அன்று. ஆயினும் தனி வீட்டில், வேற்று முகத்தின் எதிரே காதில் விழுந்தபோது அது வேறு சொல்லாக ஒலித்தது.

அந்த மேசையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தரைவரை தொங்கும் கனத்த துணி அதன்மேல் போர்த்தியிருக்கும். அடியில், கால் வைக்கும் இடத்தில் ஒரு கணப்பு. முற்காலத்தில் கரி நெருப்பு, இப்பொழுது மின்சாரம். குளிர்காலத்தில் வீட்டார் அனைவரும் துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அதைச் சுற்றி அமர்ந்துவிடுவார்கள். படிப்பு, தையல், சீட்டாட்டம், வம்பு எல்லாம் அங்கேதான். காஸ்தில் பிரதேசத்தில் ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று ஒரு பழமொழி உண்டு. டிசம்பரில் விடியற்காலை வெளியே போனால் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருக்கும். இந்தக் குளிரில் தயிர் எப்படி உறையும் என்று நான் கவலைப்பட்டேன். ஒரு நாள் இரவு பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, பாத்திரத்தைத் துணியில் சுற்றி அந்த மேசைக்கு அடியில் வைத்தேன். காலையில் கத்தியால் வெட்டலாம்போல் உறைந்திருந்தது. அம்மையார் அதை ஒரு கரண்டி உண்டுபார்த்து, சர்க்கரை போட்டுக்கொண்டு மறுபடியும் உண்டார். பிறகு உறை ஊற்றும் பொறுப்பு நிரந்தரமாக எனக்கு வந்து சேர்ந்தது.

ஸ்பானியர் உண்ணும் நேரம் நம்மவரைக் கலங்க வைக்கும். பகலுணவு இரண்டரை மணிக்கு; இரவு உணவு ஒன்பதரைக்கு; பத்தானாலும் வியப்பில்லை. இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கடைகளிற் பல கதவடைத்துவிடும். சோம்பேறிகள் என்று பிற ஐரோப்பியர் பழிப்பதற்கு இது ஒரு காரணம். உண்மை என்னவெனில் அந்நாட்டுக் கடிகாரமே சூரியனோடு ஒத்து நடப்பதில்லை. சலமன்கா லண்டனுக்கும் மேற்கே உள்ள ஊர். 1940ஆம் ஆண்டில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி மத்திய ஐரோப்பாவோடு சேர்த்தது, இன்றுவரை திருப்பவில்லை. ஆகவே சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கே குளிர்காலத்தில் மணி ஒன்றேகால், ஒன்றரை. கோடையிலோ இரண்டரைக்குக் கிட்டத்தட்ட. சூரியனைக் கேட்டால் அவர்கள் நம்மைப்போல் உச்சிப் பொழுதுக்குப் பின்னர்தான் உண்கிறார்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ‘சந்தியாகாலத்தில் விளக்கேற்றினாயா?’ என்று என் தாயார் தொலைபேசியில் கேட்பார். அப்போது டில்லியில் நள்ளிரவு கடந்திருக்கும்; இங்கே சந்தியே வந்திராது.

மரக்கறி உண்பவர்கள் அங்கே கஷ்டப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாமிசம் வேண்டாம் என்றால் மீன் கொண்டுவருவார்கள். மீனும் வேண்டாம் என்றால், சிறு துண்டுகளாகப் பன்றி இறைச்சி தூவிய காய்கறியைக் கொண்டுவந்து, ‘இது ருசிக்காக மட்டும்’ என்பார்கள். ஆனால் வீட்டுச் சமையலுக்கு அந்தப் பூமி வஞ்சனை செய்யவில்லை. சலமன்காவுக்கு வடக்கே உள்ள அர்முஞா என்னும் சமவெளியில் விளையும் லெந்தேஹா என்ற பருப்பு நாடெங்கும் பெயர் பெற்றது. நம் முழு மசூர்ப் பருப்பின் பெரிய தமக்கை என்று அதைச் சொல்லலாம். கொண்டைக்கடலைக்கும் பஞ்சமில்லை. அரிசியைப் பாலில் வேகவைத்து, எலுமிச்சைத் தோலும் லவங்கப்பட்டையும் இட்டு ஆறவைத்து உண்கிறார்கள். ஏலக்காய் ஒன்றுதான் குறை, மற்றபடி பாயசம். கறிவேப்பிலை கிடையாது. புளியும் துவரம்பருப்பும் வேண்டுமானால் மாட்ரிடில் லவபியெஸ் என்னும் பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே வங்காள தேசத்தாரும் நம்மவரும் வைத்திருக்கும் கடைகள் உண்டு. எனக்குக் காய்ச்சல் வந்த இரு நாட்களில் அம்மையார் பூண்டைத் தட்டி எண்ணெயில் வதக்கி, புகையூட்டிய மிளகாய்த் தூளும் பழைய ரொட்டியும் சேர்த்து ஒரு சூப் வைத்துக் கொடுத்தார். முட்டையை உடைத்து ஊற்றுவது வழக்கமாம், எனக்காக விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பூண்டு ரசத்துக்கும் அதற்கும் ஒரு புளி தூரமே.

வகுப்பில் எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது இலக்கணமன்று, மரியாதை. அவர்கள் மொழியிலும் நம்முடையதைப்போல் ‘நீ’ உண்டு, ‘தாங்கள்’ உண்டு. முன்னதற்குத் ‘தூ’ என்றும் பின்னதற்கு ‘உஸ்தெத்’ என்றும் பெயர். டில்லியில் எங்களுக்குக் கற்பித்தபோது பெரியவர்களை உஸ்தெத் என்றே அழைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால் இருபது வயதுப் பையன், அறுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘நீ நேற்றுச் சொன்னது எனக்கு விளங்கவில்லை’ என்கிறான்! பேராசிரியரும் மலர்ந்த முகத்தோடு விளக்குகிறார். நான் உஸ்தெத் என்று அழைத்தபோதெல்லாம் அவர், ‘என்னை அவ்வளவு கிழவனாக்காதே’ என்று கையைக் கூப்புவார். வாக்கியத்தையே சுற்றி வளைத்து, நீயும் தாங்களும் வாராத வண்ணம் அமைத்துப் பேசி ஆண்டு முழுவதும் காலந்தள்ளினேன். மாமனார் பெயரைச் சொல்லாமல் காரியத்தை முடிக்கும் மருமகள்மாரின் வித்தை நம் குலத்துக்குப் புதியதா என்ன?

மாலை வேளையில் ஊரே பெரிய சதுக்கத்துக்கு வந்துவிடும். 1729 முதல் 1755 வரை கட்டப்பட்ட அந்தச் சதுக்கத்தைச் சுற்றிலும் வளைவுகள். வளைவுகளுக்கு இடையே அரசர், அறிஞர் முகங்கள் பொறித்த வட்டச் சிற்பங்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் முகமும் அங்கே இருந்து, நான் போவதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2017 ஜூனில், நீக்கப்பட்டது. சர்வகலாசாலையின் தலைவராக இருந்த உனாமுனோ என்ற பேரறிஞர் 1936 அக்டோபரில் அந்தக் கட்சியாரை மேடையிலேயே எதிர்த்துப் பேசிப் பதவியிழந்து, அவ்வாண்டின் கடைசி நாளில் வீட்டுக் காவலில் இறந்துபோனார். அவருக்கும் அதே சதுக்கத்தில் ஒரு வட்டம் உண்டு. ‘கடிகாரத்தின் கீழே சந்திப்போம்’ என்றால் ஊரில் யாருக்கும் வேறு விளக்கம் தேவையில்லை. தம் இளமையில் ஆண்கள் ஒரு திசையிலும் பெண்கள் எதிர்த் திசையிலும் அச்சதுக்கத்தைச் சுற்றுவார்கள் என்றும், ஒரு சுற்றுக்கு இருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அம்மையார் சொன்னார். நம் ஊர்க் கோயில் பிராகாரத்தில் அனைவரும் ஒரே திசையில் அல்லவா சுற்றுகிறோம்! அந்தச் சௌகரியம் நமக்கு இல்லை.

இனிப் பெயருக்கு வருகிறேன்.

ஸ்பானியருக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். முதலாவது தகப்பனாருடையது, இரண்டாவது தாயாருடையது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெற்றோர் இசைந்தால் தாயின் பெயரை முன்னே வைக்கவும் செய்யலாம். கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாப் படிவங்களிலும் அதற்கேற்பக் கட்டங்கள் இருக்கும். தமிழருக்கோ குடும்பப் பெயரே இல்லை. என் கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் என் தந்தையார் பெயர் இரண்டு சொற்களாக நிற்கிறது. ஒரு காரியாலயம் அவ்விரண்டையும் சேர்த்து ஒரே குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டது. என் கணக்கு இருந்த வங்கியோ, கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று, முதற் சொல்லை ஒரு பெயராகவும் அடுத்ததை மற்றொரு பெயராகவும் பிரித்து எழுதிவிட்டது. காத்திருக்கும் கூடத்தில் என் முறை வரும்போது தந்தையார் பெயரை உரக்கக் கூவி என்னை அழைப்பார்கள். என் தாயார் வாயிலிருந்து அப்பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதல் முறை எழுந்திருக்கவே எனக்குத் தோன்றவில்லை. அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

இதுவரை வேடிக்கை. நவம்பரில் எனக்கு வரவேண்டிய உபகாரச் சம்பளம் வரவில்லை. பெயர் ஒத்துவரவில்லை என்று பணம் அனுப்பியவர்களிடமே திரும்பிவிட்டதாம். அவர்களைக் கேட்டால் வங்கியைத் திருத்தச் சொன்னார்கள். வங்கியைக் கேட்டால், படிவத்தை மாற்ற முடியாது, அவர்களைத் திருத்தச் சொல் என்றார்கள். டிசம்பரும் அப்படியே போயிற்று. ஜனவரியும் வந்தது. கொண்டுபோன பணம் கரைந்தது. என் விசா அனுமதியின்படி வேலை பார்க்கவும் வழியில்லை. வீட்டுக்கு எழுதலாம்; ஆனால் ஒரு யூரோவுக்கு அப்போது 77 ரூபாய் அளவில் விலை. வாடகை மட்டுமே ஏறத்தாழ 17,000 ரூபாய். ஓய்வூதியத்தில் குடித்தனம் நடத்தும் தந்தையாரிடம் அதை எந்த வாயால் கேட்பது? பஸ்ஸை விட்டு நடந்தேன். கடை உணவை அடியோடு நிறுத்தினேன். பகலும் இரவும் அந்த அர்முஞாப் பருப்பும் ரொட்டியும். விடுமுறையில் தோழிகள் அழைத்த ஊர்களுக்கெல்லாம் தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. படிப்பை விட்டுத் திரும்பிவிட வேண்டியதுதானோ என்று பயணச்சீட்டின் விலையைக் கேட்டு வைத்த இரவும் உண்டு.

அம்மையாரிடம் டிசம்பர் முதல் தேதியே விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மாதத்தையும் தொகையையும் எழுதி, என்னையும் பார்க்கச் சொல்லி, மூடி வைத்தார். ஜனவரியிலும் அப்படியே. ‘பரவாயில்லை, தர வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் மறுநாளே நான் வேறு இடம் தேடியிருப்பேன்.

ஜனவரியில் ஒரு நாள் கணப்பருகில் உட்கார்ந்து கொண்டைக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது தம் கதையைச் சொன்னார். 1960ஆம் ஆண்டில் ஸ்பெயினும் மேற்கு ஜெர்மனியும் தொழிலாளர்களை அனுப்பவும் ஏற்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவர் 1963இல், 19 வயதில், ரயிலேறினார். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தொழிற்சாலை விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பெண்கள். பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தார், அங்கே வேலை பார்த்த சொந்த ஜில்லாக்காரர் ஒருவரையே மணந்தார், 1974இல் திரும்பினார். ‘அங்கே எனக்கு வேறு பெயர்’ என்றார். ஜெர்மானியருக்குக் கடைசிச் சொல்லே குடும்பப் பெயர். ஆகவே அவருடைய இரண்டாவது பெயரான தாயார் பெயரைக் கொண்டே பதினோரு ஆண்டும் அழைத்தார்களாம். தகப்பனார் பெயர் நடுவில் சிக்கி ஒரெழுத்தாய்ச் சுருங்கிவிட்டது. ‘என் அப்பாவை ஒரு புள்ளியாக்கிவிட்டார்கள்’ என்றார். ஒரெழுத்தும் ஒரு புள்ளியுமே எங்கள் நாட்டில் அப்பா என்று நான் சொன்னபோது, கடலையை விட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு அவர் கேட்டார், ‘உன் வீட்டுக்குத் தெரியுமா?’ என்று. தெரியாது என்றேன். ‘நானும் எழுதவில்லை’ என்று சொல்லி மறுபடியும் கடலையில் குனிந்தார். அவ்வளவுதான்.

எனினும் தாய்மாரிடம் எதை மறைக்க முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியபோது, என் பின்னால் அடுப்பின்மேல் இருந்த பாத்திரத்தைக் கண்டு என் தாயார், ‘என்னடி இது, போன வாரமும் இதே பருப்பு, இந்த வாரமும் இதே பருப்பு?’ என்றார். மழுப்பினேன். தந்தையார் கைப்பேசியை வாங்கி, ‘ஏம்மா, பணம் வரவில்லையா?’ என்று ஒரே கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேளாத ஒன்றைச் சொன்னார். 1978ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவிலிருந்து டில்லிக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்தபோது, அவருடைய இனிஷியல் என்னவென்று அந்தக் காரியாலயத்தாருக்குப் புரியவில்லை. விரித்து எழுது என்றார்கள். அவர் தம் தகப்பனார் பெயரை முன்னால் விரித்து எழுதினார். ஊரிலிருந்து வந்த சான்றிதழ்களிலோ வெறும் எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதியாக இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை சம்பளம் இல்லை. கரோல்பாகில் நால்வர் தங்கிய அறை. தெருமுனையில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் நடத்திய மெஸ். அவர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. கணக்குப் புத்தகத்தில் தினம் எழுதிக்கொண்டே வந்தார். ‘ஊருக்கு நான் எழுதவில்லை. உன் அம்மாவுக்கே இப்பொழுதுதான் தெரிகிறது’ என்றார். பக்கத்திலிருந்து என் தாயார், ‘நாற்பது வருஷமாக வாயைத் திறக்கவில்லையே!’ என்று சொன்னது கேட்டது.

ஆக, என் கடவுச்சீட்டில் உள்ள அந்த இரண்டு சொற்களில் முதலாவது என் பாட்டனார் பெயர். காவிரிக்கரையில் ஒரெழுத்தாய் இருந்தவர் டில்லியில் விரிந்து, சலமன்காவில் வந்து என் பணத்தை மறித்துக்கொண்டு நின்றார். அந்த வங்கி அறியாமல் பிரித்த பிரிவு ஒரு வகையில் சரியானதே. பாட்டனாரை ஒரு கட்டத்திலும் தந்தையாரை மறு கட்டத்திலும் உரிய வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். இதை அவர்களிடம் விளக்க என் ஸ்பானியம் போதும், பொறுமைதான் போதாது.

தந்தையார் பணம் அனுப்புவதாகச் சொன்னார். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அவ்வாரத்தில் அம்மையார், மாதாகோவிலுக்கு அணியும் கறுப்பு மேலங்கியை அணிந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, ‘நட’ என்றார். வங்கியில் முறை வந்ததும் என்னைப் பேச விடவில்லை. எதிரே அமர்ந்திருந்த இளைஞரிடம், ‘இந்தப் பெண்ணுக்குத் தகப்பனார் ஒருவர்தான். அவரை ஏன் இரண்டாக வெட்டினீர்கள்?’ என்று தொடங்கினார். கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டனார் விவரத்தை அந்தச் சமயத்தில் சொல்வது விவேகமாகத் தோன்றாமையால் நான் வாயைத் திறக்கவில்லை. இளைஞர் உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தார். மூன்று மாதமாக மாற்றவே முடியாதிருந்த படிவம் இருபது நிமிஷத்தில் மாறியது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மூன்று மாதச் சம்பளமும் ஒருங்கே வந்து சேர்ந்தது. அம்மையார் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எழுதிய வரிகளை அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாக அடித்தார்.

அதன்பின் நாட்கள் விரைந்தன. ஈஸ்டர் கழிந்த அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை ஊரார் எல்லாரும் தோர்மெஸ் நதிக்கரைக்குப் போய்ப் புல்லில் அமர்ந்து உண்பது அங்கே வழக்கம். அவ்வழக்கத்தின் பழங்கதை குடும்பப் பத்திரிகைக்கு ஏற்றதன்று. ஆடிப் பெருக்கன்று நாம் ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கொண்டுபோவதோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் உண்பது இறைச்சியும் முட்டையும் பொதிந்த ஒரு பெரிய அப்பம். நான் ரோமானியர் காலத்துப் பாலத்தின் நிழலில் எலுமிச்சைச் சாதத்தோடு உட்கார்ந்தேன். என் டப்பாதான் முதலில் காலியாயிற்று. ஜூலையில் ஆய்வுக் கட்டுரையை மூன்று ஆசிரியர்கள் முன்னிலையில் எடுத்துரைத்தேன். பழங்காலத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் காளையின் இரத்தம் கலந்த சாயத்தால் தம் பெயரைச் சுவரில் எழுதிவைப்பார்களாம். அந்தச் சிவப்பு எழுத்துக்களை இன்றும் அங்கே சுவர்தோறும் காணலாம். எனக்குக் கிடைத்தது ஒரு தாள். அதில் என் பெயரும், பிரிக்கப்படாத தந்தையார் பெயரும் பிழையின்றி இருந்தன. கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது அதைத்தான், மதிப்பெண்ணை அன்று.

புறப்படும்போது பெட்டியின் எடை கூடிவிட்டமையால், டில்லியிலிருந்து கொண்டுபோன குக்கரை அம்மையாரிடமே விட்டு வந்தேன். அவர் ஊர்க் குக்கர்கள் நம்முடையவைபோல் விசில் அடிப்பதில்லை. அதனால் லெந்தேஹாவுக்கு எத்தனை, கடலைக்கு எத்தனை என்று தொலைபேசியில் கேட்டு, அந்த நோட்டுப் புத்தகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்.